பின்னால் உட்காருபவருக்கான குறிப்பு

நவம்பர் 2, ஞாயிறு

இந்த டைரி போன வருடத்தினுடையது. ரிக் கம்பெனியில் அப்பாவுக்குக் கொடுத்தது. அட்டையில் போர்வெல் லாரி படம் இருக்கிறது. அப்பா ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கிழமைகளை மட்டும் அடித்துத் திருத்தினால் இந்த வருடத்துக்கும் ஆகும் என்பதால் இன்று மதியம் உட்கார்ந்து டிசம்பர் கடைசி வரை திருத்தினேன்.

எழுதத் தொடங்கக் காரணம், காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மோட்டார் பைக் வந்ததுதான். பழையது. சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் ஒருவர் வைத்திருந்தது. நீண்ட தூரப் பயணத்துக்கென்றே செய்தது, நானூறு சிசி. முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. மீட்டரில் 38,214 கிலோமீட்டர். இடது பெட்டி முழுக்க ஊர் பெயர் போட்ட ஸ்டிக்கர்கள். பாதிக்கு மேல் நான் வரைபடத்தில் மட்டும் பார்த்த ஊர்கள்.

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தொடவில்லை.

"ஏனுங்க, இதுல யாரு உக்கார்றது?"

"நீதான்."

"நானா? ஏணி வெச்சா ஏறோணும்?"

அப்பா சிரித்தார். திருச்செங்கோட்டுக்காரர்களில் பாதிப் பேரைப் போல அப்பாவுக்கும் ரிக் வேலை. பதினேழு வருடமாக லாரியோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று போய் பூமியைத் துளைக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். இந்தத் தீபாவளிக்கு வந்தவர் தகரப் பெட்டியையும் கொண்டு வந்துவிட்டார். வழக்கமாக அது லாரியிலேயே இருக்கும். லாரி சர்வீசுக்குப் போயிருக்கிறது, அதனால்தான் என்றார்.

அப்பாவின் திட்டம்: ஆறு வருடத்துக்கு முன் சித்ரதுர்கா பக்கம் ஒரு தோட்டத்தில், ஏற்கெனவே நான்கு போர் வறண்டுபோன இடத்தில், அப்பா ஐந்தாவது போட்டார். தொள்ளாயிரத்துப் பத்தாவது அடியில் தண்ணீர் வந்தது. அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அம்மா இதுவரை அப்பா வேலை செய்த ஓர் இடத்தையும் பார்த்ததில்லை. டிசம்பர் 26 காலை புறப்பாடு. வண்டியில் இரண்டு பேர்தான் போக முடியும், நான் சித்தி வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வருத்தமில்லை. சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் கிளை நூலகம் இருக்கிறது.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"வண்டி பூரா சரி பண்ணுங்க. இதுல ஒரு கொறையும் இல்ல, நம்பி உக்காரலாம்னு பாப்பா ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அப்ப வர்றேன்."

"மெக்கானிக் எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"மெக்கானிக் பொய் எழுதுவான். இவ எழுத மாட்டா."

ஒன்பதாம் வகுப்பில் என்னை இவ்வளவு பெரிய பொறுப்புக்கு யாரும் நியமித்ததில்லை. வண்டியோடு ஒரு சர்வீஸ் புத்தகம் வந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்துச் சுருள்கம்பி போட்டது, 212 பக்கம், ஆங்கிலம். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

அம்மா மண்ணெண்ணெய் தொட்டு ஸ்டிக்கர்களைச் சுரண்டினாள். "நாம போகாத ஊரு நம்ம பொட்டில எதுக்கு?" என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா முதலில் மாற்றியது கண்ணாடிகளை. இருந்தவை நன்றாகத்தான் இருந்தன. அகலமாக இரண்டு வாங்கி வந்து மாட்டினார். மாட்டிய பிறகு வெகுநேரம் வண்டிமேல் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்வீஸ் புத்தகத்தில் கண்ணாடியை மாற்றும்படி எங்கும் இல்லை.

நவம்பர் 8, சனி

இன்ஜின் ஆயில் மாற்றினோம். பழைய ஆயில் கடுங்காப்பி நிறம். வடிகால் போல்ட்டை 24 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அதற்கென ஒரு ஸ்பானர் உண்டாம், எங்களிடம் இல்லை. நான் கணக்குப் போட்டேன். முப்பது சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் எட்டு கிலோ விசையில் இழுத்தால் சரியாக வரும். அம்மா வேலை செய்யும் தறிப்பட்டறையில் நூல் எடை போடும் கொக்கித் தராசு இருக்கிறது. வாங்கி வந்து ஸ்பானர் நுனியில் மாட்டி இழுத்தோம். முள் எட்டுக்கு வந்ததும் "போதும்" என்று சொன்னேன். அப்பா இன்னும் இழுத்தார். கையைக் காட்டினேன். நிறுத்தினார்.

ஆயிலும் ஊற்றி முடித்த பிறகு செங்கோட்டையன் மாமா வந்தார். தெருமுனையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். நாங்கள் தராசு மாட்டியதைக் கடையிலிருந்தே பார்த்திருந்தார் போலிருக்கிறது.

"என்னுங் மச்சான், ஆயில் மாத்தறீங்களா, கறி எட போடறீங்களா?"

அப்பா குனிந்தே இருந்தார். மாமா சுற்றிக்கொண்டு எதிரில் வந்தார்.

"கூப்புட்டாத் திரும்பறதே இல்ல. பெரிய வண்டி வாங்கிட்டா அப்படித்தானுங்களா?"

"அட வா செங்கோட்டையா! எப்ப வந்தே?"

"பொஸ்தகம் படிச்சு வண்டி பாக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன். சரி, ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தத்தக் கேட்டே என்ன கொறன்னு சொல்லிப்புடறேன்."

"இன்னும் ஆயில் ஊத்தல" என்றார் அப்பா.

ஆயில் ஊற்றி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு மறந்திருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

செயினை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, கியர் ஆயில் விட்டோம். தொய்வு 25 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். என் ஜியாமெட்ரி பெட்டி ஸ்கேலில் 28.

வீட்டுச் சாவியைக் கொடுக்க அம்மாவின் பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடுகிறது. உள்ளே போனால் நம் மூச்சுகூட நமக்குக் கேட்காது. அங்கே பெண்கள் குரல் எழுப்பிப் பேசுவதில்லை. உதட்டை மட்டும் அகலமாக அசைக்கிறார்கள். அம்மா இந்தக் கோடியில், ருக்மணி அக்கா அந்தக் கோடியில், நடுவில் பத்துத் தறி. ருக்மணி அக்கா என்னைப் பார்த்து ஏதோ உதட்டால் சொன்னாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வெளியே வந்து கேட்டதற்கு, "உன்ர மூக்குல கரி இருக்குதுன்னு சொன்னா" என்றாள் அம்மா. கரி இல்லை, கியர் ஆயில்.

நவம்பர் 12, புதன்

தமிழ் கட்டுரையில் 23/25. நாளை காற்று வடிகட்டி.

நவம்பர் 15, சனி

இன்று வண்டியை ஓடவிட்டுச் சத்தம் கேட்டோம். அப்பா என்னை இன்ஜின் பக்கத்தில் குத்தவைக்கச் சொன்னார்.

"என்ன சத்தம் வருது அம்மணி?"

"டிக்டிக்னு வருதுப்பா."

"எப்படி டிக்டிக்? தையல் மிசினாட்டமா, கடிகாரமாட்டமா?"

யோசித்துச் சொன்னேன். மழை நின்ற பிறகு தகரக் கூரையிலிருந்து பக்கெட்டில் வேகமாகச் சொட்டுவது போல. அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆக்சிலேட்டரைத் திருகி, "இப்ப?" என்றார். சொட்டு வேகமாகிறது என்றேன். என்னைச் சோதிக்கிறார் என்று புரிந்தது. ஆசிரியர்களும் விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்பார்கள்.

அப்பா ஒரு காரியம் செய்தார். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் தலைமேல் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். இதுவும் புத்தகத்தில் இல்லை.

"டேப்பெட்டு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

டேப்பெட் என்பது இன்ஜின் தலைக்குள் வால்வுகளைத் தட்டித் திறக்கும் திருகு. திருகுக்கும் வால்வுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருக்கும். அதிகமானால் தட்டும். ஆகவே சத்தம் போகும்வரை முடுக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் முடிவு செய்தோம். அவர் முடுக்குவார், வண்டியை ஓடவிடுவார், நான் கேட்டுச் சொல்வேன்.

"இப்ப?" "இருக்குதுப்பா." "இப்ப?" "கொஞ்சமா." "இப்ப?" "இல்லப்பா! சுத்தமா இல்ல!"

அப்பா என் தலையில் ஆயில் கையோடு தட்டினார். இரண்டு முறை தலைக்குக் குளிக்க வேண்டியிருந்தது. இன்ஜின் பட்டுப்போல ஓடுகிறது. நான் மட்டும் இல்லையென்றால் இது நடந்திருக்காது என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சங்ககிரி ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும் நின்றது. பிறகு உயிர் வரவில்லை. அப்பா மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தார். செங்கோட்டையன் மாமா கடை வழியாகத்தான் வர வேண்டும். "எந்தப் பக்கத்துல நின்னுதுங்க மச்சான்? பொஸ்தகத்துலயா, ரோட்டுலயா?" என்று கேட்டாராம். இதை மாமாதான் என்னிடம் சொன்னார். அப்பா பதில் சொல்லாமல் போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

நவம்பர் 19, புதன்

பக்கம் 97. கட்டம் கட்டிய சிறு குறிப்பு. கட்டம் கட்டியவை விளம்பரம் என்று நினைத்து விட்டிருந்தேன். என் மொழிபெயர்ப்பு:

"இடைவெளி சரியாக உள்ள இன்ஜினில் மெல்லிய தட்டல் ஒலி இருக்கும். ஒலியே இல்லாத இன்ஜினை ஐயத்துடன் பார்க்கவும். வால்வு முழுவதும் மூடாமல் இருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் வால்வு எரிந்துபோகும்."

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். அப்பா வழக்கம்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டதச் சொன்னே. உன்ர மேல என்ன தப்பு? காதை வெச்சு முடுக்குனது என்ர தப்பு."

நவம்பர் 22, சனி

முறைப்படி செய்தோம். காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் இளநீர்க் கடையில் வாங்கிய ஸ்ட்ராவை விட்டேன். அப்பா வண்டியைக் கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஸ்ட்ரா மேலே ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றது. அதுதான் பிஸ்டனின் உச்சி. முதல் தடவை தவறான உச்சி. இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சிதான் வேண்டும். இன்னொரு சுற்று.

ஃபீலர் கேஜ் என்பது விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.08 மி.மீ., புகை வெளியே போகும் வால்வுக்கு 0.20. தகட்டை இடைவெளியில் நுழைத்து இழுத்தால் "மெல்லிய இழுவை" தெரிய வேண்டும் என்கிறது புத்தகம். நான் இழுத்துப் பார்த்தேன். எது மெல்லியது, எது வலியது என்று தெரியவில்லை.

அப்பா வாங்கி இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். திருகை ஒரு நூலளவு தளர்த்தினார். மறுபடி இழுத்தார்.

"இதான்."

"எப்படிப்பா தெரியுது?"

"ரிக்குல ராடு எறங்கறப்ப மேல கைய வெச்சுப் பாப்போம். மண்ணா, கல்லா, எந்தக் கல்லு, எல்லாம் உள்ளங்கைல ஏறும். தண்ணி வர்றதுக்கு முன்னாலயே தெரியும், ஒரு மாதிரி குளுந்து நடுங்கும். கம்ப்ரசர் போடற சத்தத்துல அங்க எவனுக்குக் காது கேக்குது? அதெல்லாம் வேண்டியதே இல்ல அம்மணி. காதே வேண்டாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுத்தது எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பக்கம் 101, மூடியைத் திரும்ப மாட்டுதல்.

வண்டி ஓடுகிறது. மெல்லிய தட்டல் ஒலி இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

அப்பா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பத்தடி பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. காற்று எதிர்த்திசையில் வீசியது.

நவம்பர் 27, வியாழன்

இன்றும் பின்னால் நின்று கூப்பிட்டேன். காற்று வீசவில்லை.

டிசம்பர் 3, புதன்

அறிவியல் நோட்டில் எழுதுவது போல எழுதிப் பார்க்கிறேன்.

நோக்கம்: எழுதத் தேவையில்லை.

கண்டவை: குக்கர் மூன்று விசில் வந்த பிறகு அப்பா அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு "எத்தன விசிலு ஆச்சு?" என்கிறார். செய்தியை ஒலி இல்லாமலே பார்க்கிறார், கீழே ஓடும் எழுத்தைப் படிக்கிறார். போனில் பேசுவதில்லை. யார் கூப்பிட்டாலும் "நீ பேசு அம்மணி, கை ஈரம்" என்று என்னிடம் தந்துவிடுகிறார். வலப்பக்கம் உட்கார்ந்து பேசினால் எழுந்து இடம் மாறி உட்காருகிறார். முன்பெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்றால் தெருமுனைக்குக் கேட்கும். இப்போது அம்மா கத்துவதில்லை. கரண்டியோடு நடந்து வந்து அப்பாவின் எதிரில் நின்று பேசிவிட்டுப் போகிறாள்.

அனுமானம்:

(பிறகு எழுதுகிறேன்.)

டிசம்பர் 5, வெள்ளி

அம்மா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவோடு பஸ்ஸில் ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போனாள். பொழுதோட திரும்பினார்கள். துணி எதுவும் பிடிக்கவில்லையாம். எனக்கு ஒரு பெட்டி ஜாங்கிரி.

டிசம்பர் 7, ஞாயிறு

முன் பிரேக் பேட் வாங்க அப்பாவோடு பைக்கில் போனேன். அம்மா உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் என் பொறுப்புதான். உயரமாக இருக்கிறது, ஆனால் வசதி.

திரும்பும்போது பின்னால் ஒரு பஸ் வந்தது. முதலில் ஒரு ஹாரன். அப்பா ரோட்டின் நடுவிலேயே போனார். இரண்டாவது, மூன்றாவது. பிறகு கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்தார்கள். என் முதுகில் அந்தச் சத்தம் மோதுவது தெரிந்தது. கண்ணாடியில் பஸ் தெரிந்திருக்கும், ஆனால் அப்போது அப்பா முன்னால் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "அப்பா, பஸ்ஸு" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அப்பாவின் வலது தோளை ஓங்கி அடித்தேன். இடது பக்கம் ஒதுங்கினார். பஸ் உரசுவது போலக் கடந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "காது என்ன செவுடா? பொண்ணக் கொன்னுபோடாதய்யா!" என்று கத்தினார்.

அப்பா அவரைப் பார்த்துச் சிரித்து, நன்றி சொல்வது போலக் கையைத் தூக்கினார். தான் வழிவிட்டதற்குப் பஸ்காரர் ஏதோ நல்லதாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து பேட் மாட்டினோம். டிஸ்க்கில் எண்ணெய் படக்கூடாது என்பதால் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அனுமானம்: அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. வலது காதில் துளியும் கேட்கவில்லை. இடது காதில் கொஞ்சம் கேட்கலாம்.

எழுதிவிட்டேன். அடித்தால் டைரி அசிங்கமாகிவிடும்.

டிசம்பர் 8, திங்கள்

அம்மாவிடம் சொன்னால் அப்பாவின் பயணம் நடக்காது. சொல்லாவிட்டால் அம்மா அந்த இடத்தில் உட்காருவாள்.

டிசம்பர் 10, புதன்

அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. தமிழ் எளிது.

அம்மா மதியம் கேட்டாள்: "என்ன பாப்பா, சர்டிபிகேட் எழுதிட்டியா?" இன்னும் பிரேக் வயரைப் பார்க்கவில்லை என்றேன். இந்த வண்டியின் பிரேக்கில் வயர் கிடையாது, திரவம்தான். அம்மாவுக்கு அது தெரியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

மறுபடி பின்னால் உட்கார்ந்து நாமக்கல் ரோட்டில் இருபது கிலோமீட்டர். இந்தத் தடவை ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். வலப்பக்கம் வண்டி முந்த வந்தால் வலது தோளில் இரண்டு தட்டு. இடப்பக்கம் யாராவது நுழைந்தால் இடது தோளில். அப்பா எதற்கென்று கேட்கவில்லை. முதல் தட்டுக்கே ஒதுங்கினார். திரும்பி வரும்போது, நான் தட்டுவதற்கு முன்பே தோள் கொஞ்சம் பின்னால் சாய்ந்து காத்திருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும், "பஸ்ஸு எத்தன போச்சு?" என்றார்.

"ஒம்பது."

"ம்" என்றார். வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜின் மூடிமேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

டிசம்பர் 17, புதன்

அறிவியல் தேர்வு. கேள்வி 14: மனிதக் காது எந்த அதிர்வெண் முதல் எந்த அதிர்வெண் வரை கேட்கும்? 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று எழுதினேன். "பொதுவாக" என்று ஒரு சொல் சேர்த்தேன். அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

தேர்வு முடிந்தது. அம்மா பெட்டிகளில் என்னென்ன வைப்பது என்று தரையில் பரப்பிப் பார்க்கிறாள். சப்பாத்திக்கும் புளிசாதத்துக்கும் டப்பாக்கள், நல்லெண்ணெய் பாட்டில், இரண்டு சால்வை. நீல நிறத்தில் புது ஸ்வெட்டர் ஒன்று. அதை நாலு தடவை மடித்துப் பிரித்தாள்.

சான்றிதழை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றும் வண்டியைப் பற்றி மட்டும் இருந்தன. ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் கையெழுத்து வரவில்லை. நாலாவதில் அப்பாவைப் பற்றி நேராக எழுதினேன். அந்த வாக்கியம் புகார்க் கடிதம் போல இருந்தது.

சர்வீஸ் புத்தகத்தை எடுத்து எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மறுபடி பார்த்தேன். அது யாரையும் குறை சொல்வதே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

டிசம்பர் 25, வியாழன்

காலையில் அம்மாவிடம் கொடுத்தேன். இது பிரதி:

"இந்த வண்டியை நவம்பர் 2 முதல் இன்று வரை பரிசோதித்தேன். இன்ஜின் ஆயில், வடிகட்டி புதியது. செயின் தொய்வு 28 மி.மீ. முன் பிரேக் பேட் புதியது, பின் பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. டயர் காற்று இரண்டு பேருக்குத் தக்க அளவு. டேப்பெட் இடைவெளி 0.08 மற்றும் 0.20. மெல்லிய தட்டல் ஒலி வரும், அது இருக்க வேண்டியது, பயப்பட வேண்டாம். வண்டியில் குறை இல்லை.

பின்னால் உட்காருபவருக்குக் குறிப்பு: இந்த வண்டியில் பின்னால் வரும் ஹாரன்களைக் கேட்பது பின்னால் உட்காருபவரின் வேலை. தூங்கக் கூடாது. ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றி வைக்கவும். வலப்பக்கம் வண்டி வந்தால் ஓட்டுபவரின் வலது தோளில் இரண்டு முறை தட்டவும். இடப்பக்கம் வந்தால் இடது தோளில். நிறுத்த வேண்டுமானால் முதுகின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தவும். கூப்பிட வேண்டாம்.

இவற்றைச் செய்தால் நம்பி உட்காரலாம்.

கு. தாரணி, 9-ஆம் வகுப்பு."

அம்மா நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். அம்மா எட்டாவது வரை படித்தவள், வேகமாகவே படிப்பாள். இன்று நேரம் எடுத்தது.

"ரெண்டு தட்டு எதுக்கு பாப்பா? ஒண்ணு பத்தாதா?"

"ஒண்ணுன்னா குழில எறங்கறப்ப கை பட்டாப்பல இருக்கும்மா. ரெண்டுன்னாத்தான் வேணும்னு தட்டறது."

"அது சரி."

வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்து, என் தாளை மடித்து உள்ளே வைத்தாள். உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. கட்டம் போட்ட வரைபடம். இரண்டு கோடுகள், இடமிருந்து வலமாகப் போகப் போகக் கீழே இறங்குகின்றன. ஒன்று கொஞ்சம் மெதுவாக, இன்னொன்று நேராகப் பள்ளத்தில். மேலே காது ஆஸ்பத்திரியின் முத்திரை, அப்பாவின் பெயர், குழந்தைவேல், வயது 46. ஈரோடு. தேதி டிசம்பர் 5.

நான் பார்த்ததை அம்மா பார்த்தாள். உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பரிட்ச முடியட்டும்னு இருந்தேன்" என்றாள்.

"நானும்தான்" என்றேன்.

பொழுதோட அப்பா வாசலில் வண்டியை ஓடவிட்டு, விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெளியே போய் ஹெட்லைட் வெளிச்சத்தில் அப்பாவின் எதிரில் நின்றாள். உதட்டை அகலமாக அசைத்து ஏதோ நீளமாகச் சொன்னாள். குரல் இல்லை. ஒரு துளிகூட இல்லை. நான் ஜன்னலில் நின்றிருந்தேன். இன்ஜினின் சொட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்பா சத்தமாகச் சிரித்தார்.

"ஆமாமா, ரெண்டு தட்டு! ஒண்ணுன்னா குழியின்னு நெனச்சுக்குவேன்!" என்றார்.

எத்தனை நாளாக இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று யோசித்தேன். நவம்பர் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். நான் எழுதிய எந்த இடத்திலும் அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பேசவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

ஆறரைக்குப் புறப்பட்டார்கள். மீட்டர் 38,967. சித்தி என்னை அழைத்துப் போக வந்திருந்தாள். அம்மா சேலைக்கு மேல் நீல ஸ்வெட்டரைப் போட்டு, பக்கத்து வீட்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். செங்கோட்டையன் மாமா பல் குச்சியோடு வந்து நின்று, டேப்பெட் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"லேசாத் தட்டுதே அம்மணி."

"தட்டோணும் மாமா. பக்கம் தொண்ணூத்தேழு."

அவர்கள் தெருமுனை திரும்பும்போது பின்னால் பால் வேன் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அம்மாவின் வலது கை எழுந்தது. இரண்டு தட்டு. வண்டி இடது பக்கம் ஒதுங்கியது. வேன் போய்விட்டது. கையை அம்மா எடுக்கவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்கு இவ்வளவு பயமா, தோளக் கெட்டியாப் புடிச்சுட்டுப் போறா?" என்றாள் சித்தி.

ஆமாம் என்றேன்.

டிசம்பர் 27, சனி

மாலை ஐந்தரைக்கு அம்மா போன் செய்தாள். தோட்டத்துக்காரர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டாராம். அவர்கள் கன்னடம் பேசுகிறார்கள், அப்பா உதட்டைப் பார்த்தே பாதிக்குமேல் புரிந்துகொள்கிறாராம். போரைச் சுற்றி இப்போது பாக்கு மரங்கள். மோட்டார் போட்டிருக்கிறார்கள்.

"கேளு பாப்பா" என்று போனைத் தண்ணீரின் பக்கத்தில் பிடித்தாள். கனமாக, இடைவிடாமல் விழுந்தது. கூரைச் சொட்டு போல இல்லை. எது போல என்று யோசித்தேன், சரியான சொல் கிடைக்கவில்லை.

"அப்பா என்னம்மா பண்றாங்க?"

"கொழாய் மேல கைய வெச்சுட்டு நிக்கறாங்க. கூப்புட்டாத் திரும்ப மாட்டாங்க. சித்த நேரம் நிக்கட்டும்."

910 அடி. தண்ணீர் உண்டு.